ஆமை செத்து ஒதுங்குது, டெட் போட்டா நிக்குமா?

கேள்வி, 18.01.2025
காலையில பெசன்ட் நகர்ல இருந்து நீலாங்கரை வரைக்கும் கரையோரமா நடந்தோம். பதினோரு ஆமை செத்துக் கிடந்துச்சு, எல்லாமே பெருசு, கண்ணு வெளிய தள்ளி கழுத்து வீங்கிப் போய். ஆமை தப்பிக்கிறதுக்கு இழுவை வலையில மாட்டுற டெட் (TED)னு ஒரு கருவி இருக்குன்னு படிச்சேன். ஒரு கம்பித் தட்டு மாட்டுறதுல என்ன கஷ்டம்? விசைப்படகுக்காரங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?

18.01.2025, இரவு 11.10
நான் காசிமேட்டுல வலை கட்டுறவன். அதுக்கு முன்ன ஆறு வருஷம் சித்தப்பா லாஞ்சுல கடலுக்குப் போயிருக்கேன். ஈவு இரக்கம்னு நீங்க கேட்டது சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா கேள்வி நியாயமான கேள்விதான், அதனால சுத்தி வளைக்காம சொல்றேன்.

கண்ணு தள்ளி கழுத்து வீங்கினதுன்னா அது மூச்சு முட்டி செத்தது. ஆமைக்கு நுரையீரல், மேல வந்துதான் மூச்சு எடுக்கணும். இழுவை மடி, அதாவது பை மாதிரி இருக்கற இழுவை வலை, ஒரு தடவை இறக்கினா மூணு மணி நேரம், சில போட்டுல நாலு மணி நேரம் கூட தரையோட இழுப்பாங்க. உள்ள போன ஆமை நீந்தி நீந்தி மடியோட கடைசி முனையான தூர்ல போய் மாட்டும், அங்க இருந்து திரும்ப வழி கிடையாது. தானா அமைதியா முங்கிக் கிடந்தா ரொம்ப நேரம் தாங்கும், ஆனா பயந்து அடிச்சுக்கிட்டா உள்ள இருக்கற காத்து சீக்கிரம் தீர்ந்துடும். வின்ச் சுத்தி மடி மேல வரும்போது அது பொணம். டெக்குல கொட்டுவாங்க, மீனைப் பிரிப்பாங்க, ஆமையைக் கடல்ல தள்ளிடுவாங்க. ரெண்டு நாள் ஊறி உப்பி உங்க கரைக்கு வருது.

இப்ப ஏன் இவ்ளோன்னா, பங்குனி ஆமை முட்டை போட கரைக்கிட்ட வர்ற காலம் தை மாசத்துல இருந்து பங்குனி வரைக்கும். பேரே அதான். எங்காளுங்க சில பேரு சிற்றாமைம்பாங்க. அதே நேரத்துலதான் இறாலும் கரைக்கிட்ட நிக்குது. சட்டப்படி விசைப்படகு 5 கடல் மைலுக்கு உள்ள இழுக்கக் கூடாது. இழுக்குறாங்க. ராத்திரியில கரை லைட்டு தெரியற தூரத்துல இழுத்ததை நானே பார்த்திருக்கேன், அந்த போட்டுல நானும் இருந்திருக்கேன். இதை மறைச்சு நான் பேசினா மீதி சொல்றது எதையும் நீங்க நம்ப வேண்டாம்.

19.01.2025, காலை 6.40
டெட் பத்தி நேத்து சொல்ல விட்டுட்டேன், மதியம் எழுதறேன். இப்ப ஒரு மடி கிழிஞ்சு வந்திருக்கு.

19.01.2025, மாலை 4.15
மடி முன்னாடி அகலமா இருக்கும், பின்னாடி போகப் போக ஒடுங்கி தூர்ல முடியும். தூருக்குக் கொஞ்சம் முன்ன, ஒடுங்கின இடத்துல முட்டை வடிவத்துல ஒரு எஃகு வளையம், அதுல நெட்டுக்குக் கம்பி. இதைச் சாய்வா வச்சுத் தைக்கணும். இறாலும் சின்ன மீனும் கம்பி இடுக்குல நுழைஞ்சு தூருக்குப் போயிடும். பெருசா வர்றது கம்பியில முட்டி, சாய்வுல சறுக்கி, மேல வெட்டி விட்டிருக்கற ஓட்டை வழியா வெளிய போயிடும். ஓட்டை மேல ஒரு மூடி வலை தொங்கும், ஆமை முட்டினா திறக்கும், இல்லன்னா மூடியே இருக்கும். அவ்ளோதான் டெட். கொச்சியில இருக்கற மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம மடிக்குன்னே ஒண்ணு செஞ்சாங்க, ஒரு மீட்டர் உயரம், 80 சென்டிமீட்டர் அகலம். அவங்க சோதனையில இறால் இழப்பு 1 சதவீதத்துக்குள்ள, மத்த மீன்ல 3 சதவீதம் வாக்கில.

இதோட ஆரம்பம் பலருக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிச்சது விஞ்ஞானி இல்ல, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்து இறால் மீனவர், சிங்கி பூன்னு பேரு. 1960கள்ல அவருக்கு ஆமை பிரச்சனையே கிடையாது, சொறி, அதான் ஜெல்லி மீன் பிரச்சனை. மடி நிறைய சொறி வந்து கிழிச்சுட்டுப் போகுது, அதைத் தள்ளி விடத்தான் கம்பித் தட்டு வச்சார். பின்னாடிதான் ஆமையும் இதுலயே வெளிய போகுதுன்னு தெரிஞ்சு 1987ல சட்டம் ஆக்கினாங்க. மீனவன் தனக்குத் தேவைப்பட்டு செஞ்ச பொருள் இது. நம்ம ஊருல மட்டும் ஆபீசர் கொண்டு வந்து கொடுத்த பொருளா வந்து சேர்ந்துச்சு.

முதல் முதல்ல நாங்க வலை கட்டுற யார்டுல ஒருத்தர் அதைத் தூக்கிக்கிட்டு வந்தப்ப எங்க நைனா கேட்டாரு, "பேரு என்னய்யா?" "டெட்." "பேரே டெட்டா? அப்ப செத்தது யாரு, ஆமையா நாமளா?" யார்டே சிரிச்சுச்சு. பக்கத்துல இருந்த பெரியவர், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதும்பாங்க, இங்க ரெண்டும் சேர்ந்து வருதுன்னாரு. அந்தத் தட்டு ரொம்ப நாள் ஐஸ் பெட்டி மேல கிடந்துச்சு, அப்புறம் எங்க போச்சுன்னே தெரியல.

19.01.2025, இரவு 10.30
ஏன் போட மாட்டேங்கிறாங்கன்றதுக்கு இன்னும் பதில் சொல்லல இல்ல. எடுத்த மீனுல செலவு போக மீதிதான் போட்டுல போற ஆளுங்களுக்குப் பங்கு. டீசல், ஐஸ், ரேஷன் எல்லாம் கழிச்சுட்டுப் பிரிக்கும்போது 3 சதவீதம் போச்சுன்னா அது பங்குல இருந்துதான் போகும், டீசல்ல இருந்து போகாது. அதோட தப்பா தைச்ச டெட்டுல 3 சதவீதம் இல்ல, கால்வாசி இறால் வெளிய போயிடும். ஒரு தடவை அப்படி நடந்தா அந்த டிரைவர் வாழ்நாளுக்கும் அதைத் தொட மாட்டாரு, பத்து போட்டுக்குச் சொல்லியும் வைப்பாரு. கருவியைக் கையில கொடுத்தாங்க, தைக்கறது எப்படின்னு வலை கட்டுற எங்களை யாரும் உக்கார வச்சுச் சொல்லித் தரல. எனக்கு முக்கியமான குறை இதுதான்.

23.01.2025
ஒரு தம்பி கேட்டிருக்காரு, டெக்குல வர்ற ஆமை எல்லாமே செத்துதான் வருமான்னு. இல்ல தம்பி. செத்த மாதிரி இருக்கும், சாகாம இருக்கும். இது தெரியாமதான் பாதி சாகுதுன்னு நான் நினைக்கறேன்.

சித்தப்பா போட்டுல ஒரு மாசி மாசம், விடியக்காலை இழுப்புல ஒண்ணு வந்துச்சு. தலை தொங்கிப் போய், தொட்டா அசைவே இல்ல. தள்ளி விடப் போனேன், எங்க டிரைவர் அண்ணன் வேணாம் இருன்னாரு. அதைக் குப்புறவே படுக்க வச்சு, பின்பக்கத்துக்கு அடியில சுருட்டின கயித்தை அண்டக் கொடுத்தாரு, பின்னாடி ஒரு ஜாண் உயரம், தலை பக்கம் தாழ்வா. மேல ஈரச் சாக்கு. மூக்கு வழியா நுரையும் தண்ணியுமா கொஞ்சம் கொஞ்சமா வடிஞ்சுது. கண்ணு ஓரத்துல விரல் வச்சா இமை லேசா துடிச்சுது, அதுதான் உசுரு இருக்கற அடையாளம்னு காட்டினாரு. அடுத்த இழுப்பு முடிஞ்சுது, சோறு தின்னோம், அது அப்படியே கிடந்துச்சு. உச்சி வெயில் ஏறும்போது திடீர்னு ஒரு பெருமூச்சு, மனுஷன் விடற மாதிரியே, நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சாயங்காலம் இன்ஜினை நியூட்ரல்ல போட்டுட்டு ரெண்டு பேர் தூக்கி இறக்கினோம். நாப்பது கிலோ இருக்கும். முங்கறதுக்கு முன்ன ஒரு தடவை தலையைத் தூக்கி மூச்சு எடுத்துட்டுப் போச்சு.

மல்லாக்கப் போட்டு வயித்தை அமுக்கறது, தண்ணியில போட்டா முழிச்சுக்கும்னு உடனே வீசறது, ரெண்டும் தப்பு. மயக்கத்துல தண்ணியில போட்டா நேரா கீழ போய் முழுகிடும். சில நேரம் 24 மணி நேரம் கூட காத்திருக்கணும். கடலுக்குப் போறவங்க யாராவது படிச்சா இதை மட்டுமாவது ஞாபகத்துல வைங்க.

02.02.2025
பேப்பர்ல செத்தது ஆயிரத்தைத் தாண்டிடுச்சுன்னு போட்டிருக்கான். பசுமைத் தீர்ப்பாயம் தானா கேஸ் எடுத்திருக்கு, ரோந்து போறாங்க. ரோந்து வந்ததும் உள்ள இழுத்த போட்டெல்லாம் வெளிய போனது உண்மை, ஹார்பர்ல எல்லாருக்கும் தெரியும். அப்ப கரையை விட்டுத் தள்ளிப் போக முடியாதுன்னு எங்காளுங்க சொல்றது பொய்யின்னுதான் ஆகுது. 2016லயே அரசாணை இருக்கு, ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் முட்டை போடற கரைகளைச் சுத்தி 5 கடல் மைலுக்குள்ள இழுக்கக் கூடாதுன்னு. காகிதத்துல ஒன்பதாவது வருஷம்.

இன்னொண்ணும் பாருங்க. நம்ம கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும், 61 நாள். ஆமை வந்து முட்டை போட்டுட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம்தான் நாங்க போட்டைக் கட்டுறோம். அது மீன் குஞ்சு பொரிக்கறதுக்கு வச்ச தடை, ஆமைக்குன்னு வச்சது இல்ல.

09.02.2025
முன்ன எழுதினதுல ஒரு திருத்தம். எல்லாத்தையும் இழுவை மடி தலையில போட்டுட்டேன். கோவளம் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணி, "திருக்கை வலையை ஏன் விட்டே?"ன்னாரு. நியாயம். திருக்கைக்குப் போடற வலை பெரிய கண்ணி, தடிச்ச நூலு, தரையில ராத்திரி முழுக்க நிக்கும். அதுல மாட்டினா துடுப்புல நூல் சுத்திக்கிட்டு ஆமை மேல வரவே முடியாது. ஃபைபர் போட்டுக்காரங்க போடறது. டெட் அங்க எதுக்கும் ஆகாது, மடியே இல்லாத வலையில தட்டை எங்க தைக்கறது?

அதுக்கு என்ன வழின்னு கேட்டா, பெரு நாட்டுல நிறுத்து வலையோட மேல் கயித்துல பச்சை விளக்கு கட்டிப் பார்த்திருக்காங்க, பேராமை, அதான் பச்சை ஆமை, மாட்டுறது 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்கு, மீன் குறையல. கேக்க நல்லா இருக்கு. ஆனா நம்ம ஊருல எல்இடி விளக்கு வச்சு மீன் பிடிக்க 2017லயே மத்திய அரசு தடை போட்டிருக்கு. அது வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டறதுக்குப் போட்ட தடை, இது வேற. இருந்தாலும் ராத்திரி ரோந்துல வர்றவருக்கு ஃபைபர் போட்டுல பச்சை விளக்கு மாலை மாதிரி தொங்கினா என்ன தோணும்? முதல்ல எழுத்துல அனுமதி வாங்கித் தரணும், அப்புறம் விளக்கு.

இந்த மாசங்கள்ல மட்டும் திருக்கை வலையைப் போடாம வேற வலைக்குப் போறதுதான் எனக்குத் தெரிஞ்சு நடக்கற காரியம். மாத்து வலை வாங்கப் பணம் யார் தருவான்றது அடுத்த கேள்வி.

21.02.2025
"ஒடிசாவுல ருஷிகுல்யாவுல லட்சக்கணக்குல வந்து முட்டை போடுது, இங்க ஆயிரம் செத்தா என்ன?" இந்தக் கேள்வி கேட்டவர் கோவமா கேக்கல, கணக்காத்தான் கேக்கறாரு. கணக்காவே சொல்றேன்.

ஒரு ஆமை ஒரு தடவைக்கு நூத்துச் சொச்சம் முட்டை போடும். குஞ்சு ஆயிரத்துல ஒண்ணுதான் பெருசாகும்னு சொல்லுவாங்க, அதுவும் பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு. கரையில செத்துக் கிடக்கறது அந்த ஆயிரத்துல ஒண்ணு, நண்டு தின்னாம, காக்கா தூக்காம, சுறா கடிக்காம இவ்ளோ வருஷம் தப்பிச்சு முதல் தடவையோ பத்தாவது தடவையோ முட்டை போட வந்தது. அமெரிக்காவுல 1987ல பெருந்தலை ஆமையை வச்சு ஒரு கணக்கு போட்டாங்க, முட்டையை மட்டும் முழுசாக் காப்பாத்தினாலும் இனம் தேறாது, பெரிய ஆமைங்க சாகறதைக் குறைச்சாதான் தேறும்னு வந்துச்சு. டெட்டை அங்க கட்டாயம் ஆக்கினதுக்கு அந்தக் கணக்கு பெரிய பலம். 1988ல இருந்து மெட்ராஸ் கரையில ஸ்டூடண்ட்ஸ் நெட்வொர்க்னு ஆமை காக்கற குழுவுப் பசங்க தூக்கத்தை விட்டு ராவெல்லாம் நடந்து முட்டை எடுத்து வேலிக்குள்ள புதைச்சுக் காப்பாத்தறாங்க. அந்த உழைப்பு கடல்ல வீணாப் போகக் கூடாதுன்னுதான் நான் இவ்ளோ எழுதறேன்.

02.03.2025
எழுதினா மட்டும் போதாதுன்னு சித்தப்பா பையன் போட்டுல ஒரு டெட் தைச்சேன். கொச்சி அளவுலயே லேத்துல வளையம் அடிச்சு வாங்கினோம். முதல் பாடு, அதாவது முதல் தடவை பிடிச்சது, நாசம். இறால் பாதி கூட வரல. தம்பி முகத்தைப் பார்க்க முடியல, பங்குக்காரங்க நாலு பேரு ஒண்ணும் பேசாம ஐஸ் அள்ளினாங்க.

மடியைத் தரையில விரிச்சுத் திட்டம் போட்டுப் பார்த்தேன். வளையம் நிக்க வேண்டிய சாய்வு 45 டிகிரி வாக்கில, 30ல இருந்து 55க்குள்ள இருக்கணும். இழுக்கும்போது கயிறு விட்டுக்கொடுத்து ரொம்பப் படுத்துக்கிச்சு. படுத்தா தண்ணி வேகம் இறாலை மேல் ஓட்டைக்கே தள்ளிடும். நிமிந்து நின்னாலும் வம்பு, ஆமை சறுக்காம கம்பியில அமுங்கிக் கிடக்கும். திரும்பப் பிரிச்சு, மேல் பக்கம் கண்ணியை எண்ணி, பக்கத்துக்கு ஆறு கண்ணி குறைச்சு இழுத்துத் தைச்சேன், வளையத்துக்கு ரெண்டு பக்கமும் மிதவைப் பந்து கட்டினேன், தச்சன் வச்சிருக்கற மூலைமட்டத்தைத் தொங்க விட்டு சாய்வைப் பார்த்தேன். மூடி வலையையும் ஒரு சாண் நீளம் கூட்டினேன்.

13.03.2025
ரெண்டாவது பாடு நல்லா வந்துச்சு. பக்கத்துல இழுத்த போட்டோட ஒப்பிட்டா ஒரு கூடை வித்தியாசம்கூட இல்ல. தம்பியோட கூட்டாளி ஒருத்தன் பைக்குல மாட்டுற கேமராவை டப்பாவுல போட்டு வளையத்துக்கு மேல கட்டி விட்டான். ஒரு மணி நேர வீடியோவுல முக்கால்வாசி கலங்கல்தான், பச்சையா ஒரே புகை. நாப்பதாவது நிமிஷம் வாக்கில ஒரு கருப்பு வந்து கம்பியில மோதுச்சு. ஆமை. சறுக்கி மேல ஏறுச்சு, ஆனா முன் துடுப்பு ஒண்ணு கம்பி இடுக்குல நுழைஞ்சுடுச்சு. உருவுது, வரல, திரும்ப உருவுது. நானும் தம்பியும் கரையில வலைக்கொட்டாயில உக்காந்து போன்ல பார்க்கறோம், ரெண்டு பேருக்கும் மூச்சு நின்னுச்சு. எண்ணினா பதினெட்டு செகண்டுதான். அப்புறம் உருவிக்கிட்டு மூடி வலையை முட்டித் திறந்துட்டுப் போயிடுச்சு. தம்பி அந்த வீடியோவைப் பங்குக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினான். தைக்கும்போது முறைச்சுக்கிட்டு இருந்த ஒருத்தர் அதை ஸ்டேட்டஸ் வச்சிருந்தாரு.

15.03.2025
அந்தத் துடுப்பு ரெண்டு நாளா மனசுல நிக்குது. அமெரிக்கா நம்ம கடல் இறாலை 2018 வாக்கில இருந்து வாங்கறதில்ல, டெட் சரியில்லன்னு. இதை நான் யார்டுல பல தடவை திட்டியிருக்கேன், வியாபாரத்துல நம்மளை அமுக்கற வேலைன்னு. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்புல கேஸ் போட்டு 1998ல தீர்ப்பு வந்த பழைய சண்டை இது. பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்ல, அடி விழறது கடல்ல பிடிக்கறவனுக்குத்தான், அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

ஆனா அவங்க சொல்ற ஒரு விஷயம், கம்பிக்கு நடுவுல 4 இஞ்சுக்கு மேல இடைவெளி கூடாதுன்னு. நான் அடிச்ச வளையத்துல 14 சென்டிமீட்டர், அஞ்சரை இஞ்சு. பெரிய மீனும் தூருக்கு வரட்டும்னு அகலமா வச்ச அளவு. 4 இஞ்சா இருந்திருந்தா அந்தத் துடுப்பு அவ்ளோ உள்ள நுழைஞ்சிருக்காது. அடுத்த வளையத்தை 4 இஞ்சுலதான் அடிக்கப் போறேன். பெரிய சங்கரா, பெரிய கணவாய் கொஞ்சம் போகும், அதையும் எடை போட்டுச் சொல்றேன்.

16.03.2025
உழுவை, அதான் திருக்கை இனத்து மீன், அதைப் பத்தி ஒருத்தர் கேட்டாரு. அதுவும் அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம்தான், பெரிய உழுவை கம்பியில முட்டி வெளிய போகும், குட்டி உழுவை இடுக்குல நுழைஞ்சு தூருக்குப் போயிடும். டெட் அதைக் காப்பாத்தாது. வேளா மீனை எங்க நைனா சின்ன வயசுல நிறையப் பார்த்திருக்காரு, நான் கொம்பை மட்டும்தான் பார்த்திருக்கேன், ஒரு வீட்டு வாசல்ல தொங்குச்சு. வாள் மாதிரி ரெண்டு பக்கமும் பல்லு, எந்த வலை பட்டாலும் சிக்கிக்கும், வெட்டாம எடுக்க முடியாது.

பாக் விரிகுடாப் பக்கம் ஆவுளியா, அதான் கடல்பசு, மாட்டினா வலையை அறுத்து விட்டுடறாங்க, வனத்துறை சன்மானம் கொடுத்துப் பாராட்டுது. 2022ல அங்க 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியாவுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க. குஜராத்துல திமிங்கலச் சுறாவை விடறவங்களுக்கு அறுந்த வலைக்குக் காசு தர்றாங்க. அறுந்த வலைக்குக் காசுன்றது எங்களுக்குப் புரியற பாஷை.

14.04.2025
இன்னைக்கு ராத்திரியோட தடைக்காலம். போட்டெல்லாம் உள்ள வருது. ஆமையைத் தடுக்க இழுக்கற நேரத்தைக் குறைச்சா போதாதான்னு கேட்டவருக்கு: அமெரிக்காவுல டெட் இல்லாம விட்டு வச்சிருக்கற சில வலைகளுக்கு வெயில் காலத்துல 55 நிமிஷம், குளிர் காலத்துல 75 நிமிஷம்தான் இழுக்கணும்னு இருக்கு. எங்க போட்டுல 55 நிமிஷத்துக்கு ஒரு தடவை மடி தூக்கினா நாள் முழுக்க வின்ச்தான் சுத்தும், ஆளுங்க தூங்கறது எப்ப? முதல்ல எனக்கு இதுதான் சரின்னு தோணுச்சு, ரெண்டு நாள் போட்டுல போய் உக்காந்துட்டு வந்தப்புறம் அந்த எண்ணத்தை விட்டுட்டேன். தள்ளிப் போறது, டெட், டெக்குல வந்ததைப் படுக்க வச்சு எழுப்பறது, இந்த மூணும்தான் ஆளுங்க உடம்பு தாங்கற காரியம்.

24.06.2025
தடை முடிஞ்சு போட்டு போய் வந்துச்சு. 4 இஞ்சு வளையம். இப்ப ஆமை காலம் இல்ல, ஆனா தெக்க எங்க பார்த்தாலும் சொறி. மத்த போட்டுல மடி தூக்க முடியாம தூரை அறுத்து விட்டுட்டு வந்திருக்காங்க. தம்பி மடியில சொறி முக்கால்வாசி ஓட்டை வழியாவே போயிடுச்சு, இறால் சுத்தமா வந்துச்சு, பிரிக்கற வேலை பாதி மிச்சம். பெரிய சங்கரா ஒண்ணு ரெண்டு போயிருக்கும்.

நேத்து காலையில வலைக்கொட்டாய்க்கு ரெண்டு டிரைவருங்க வந்தாங்க. ஆமை பேச்சே எடுக்கல. "அந்தச் சொறித் தட்டு எங்களுக்கும் தைச்சுத் தர்றியா?"ன்னாங்க. லேத்துல ரெண்டு வளையம் சொல்லியிருக்கேன். மூடி வலை ஓரத்துல ஒரு பிரி நூல் போட்டா சொறி பாரத்துல அறுந்துடுது, ரெண்டு பிரி போடணும். தைக்கத் தெரிஞ்சுக்கணும்னா வாங்க, ஞாயித்துக்கிழமை காலையில இருப்பேன்.